மூலகப் பெரட்டு

ஈரச் சீமெந்தும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு நெஞ்சு நிமிரும், ஏனென்றால் அந்த வாசம் வருகிற இடத்தில் பெரும்பாலும் நான் எதையாவது கட்டியிருப்பேன். பதுளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற மூன்று மாடி இரும்புக் கடை நான் கட்டியது. "தோட்டத்துப் பயலுக்கு டவுன்ல கடையா?" என்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்னிடம் ஆணியும் கம்பியும் வாங்குகிறார்கள். பண்டாரவளையில் மரக்கறி ஏற்றி இறக்க நான் போட்ட தகரக் கொட்டகை இரண்டு தடவை காற்றில் பறந்தது. மூன்றாம் தடவை போட்டதை எந்தக் காற்றாலும் அசைக்க முடியவில்லை. பிரேக் சரியாகப் பிடிக்காத ஒரு கிழட்டு லொறியில் தொடங்கி ஏழு லொறிக்குச் சொந்தக்காரன் ஆனேன். நான் பிறந்த தோட்டத்தின் மாரியம்மன் கோயிலுக்குச் சுற்றுமதில், ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற லயத்துக்கு ஏறுகிற வழுக்குப் பாதைக்குக் கொங்கிரீட் படி, எல்லாம் என் கைவேலை. என் மூத்த மகள் டொக்டர். அவள் அப்பன் படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை.

கடைசியாகக் கட்டியது லுணுகலைப் பக்கம், நான் படித்த அதே தோட்டப் பாடசாலையில், ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம். அதிபர் ஐயா நல்ல மனிதர், இளவயது. ஆண்டு விழா மலருக்கு அரைப் பக்கத்தில் ஒரு வாழ்த்துச் செய்தி எழுதித் தாருங்கள், கோட் போட்ட படம் ஒன்றும் தாருங்கள் என்று கேட்டார். வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போய்விட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஆய்வுகூடம் திறந்த அன்று, ரிப்பன் வெட்டி விளக்கேற்றியான பிறகு, சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கிய மூலக அட்டவணையின் முன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு மூலகமாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஐதரசன், ஈலியம், இலித்தியம் என்று வந்து, எட்டாவதாக நின்ற சின்னப் பெண் "ஒட்சிசன்" என்று கணீரென்று சொன்னதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஐயா ஆனந்தக் கண்ணீர் விடுகிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆனந்தம் அல்ல அது. அது என்னவென்று சொல்லத்தான் இவ்வளவும்.

நான் படித்த காலத்தில் இந்தப் பாடசாலை ஒரே ஒரு நீள மண்டபம். தகரத்தில் மழை விழுந்தால் டீச்சர் சொல்வது கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் எழுதுவோம். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே வாங்கு வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்து மொத்தம் இருபது பேர். விஞ்ஞானம் என்று நேர அட்டவணையில் இருக்கும். அந்த நேரத்தில் பாடசாலைத் தோட்டத்தில் புல் பிடுங்குவோம். அப்படி இருந்தபோதுதான் பதுளை டவுனிலிருந்து எஸ்தர் டீச்சர் வந்தார். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும், வேதக்காரர், நெற்றியில் பொட்டு இருக்காது. "டீச்சரம்மாவ விட அந்தம்மா புடிச்சிருக்குற கொட கொஞ்சம் பருமன்" என்பார் என் அம்மா.

காலையில் பஸ்ஸை விட்டிறங்கி மேலே ஏறி வருகிற வழியில் அவர் தினமும் பெரட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: விடிந்ததும் தோட்டத்து ஆட்களெல்லாம் ஒரு களத்தில் கூடுவார்கள், கங்காணி பெயர் கூப்பிடுவார், ஆள் "வந்தேன்" என்று குரல் கொடுக்க வேண்டும், யார் எந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பது, யார் செடியைக் கவ்வாத்து வெட்டுவது, யார் உரம் போடுவது என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடுவார். அதற்குப் பெயர் "பெரட்டு". பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. அந்தப் பெரட்டை அப்படியே தூக்கி வகுப்புக்குள் கொண்டு வந்துவிட்டார் டீச்சர்.

"இருபது பேரு இருக்கீங்க. முதல் இருபது மூலகத்தையும் ஆளுக்கு ஒண்ணாத் தர்றேன். இனிமே காலைல இங்கயும் பெரட்டுதான். நம்பரையும் மூலகத்தையும்தான் கூப்பிடுவேன், வந்தேன்னு சொல்லி ஒங்க வேலை என்னன்னும் சொல்லணும்," என்றார்.

அதுவரை காலையில் பெயர் கூப்பிடும்போது தூங்கி வழிந்த வகுப்பு, அன்றிலிருந்து மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் நேரத்துக்கு வந்தது. "ஆறு, காபன்!" "வந்தேன் டீச்சர்! அடுப்புல கரியா இருக்குறது!" "இருபது, கல்சியம்!" "வந்தேன் டீச்சர்! எலும்புக்கும் பல்லுக்கும் பலம் குடுக்குறது!" எட்டாம் நம்பர் பார்வதிக்குக் கிடைத்தது. கறுத்து மெலிந்த பிள்ளை, சடையை இறுக்கிப் பின்னியிருப்பாள். "எட்டு, ஒட்சிசன்!" என்றால் எழுந்து நின்று, "வந்தேன் டீச்சர்! மூச்சுக்கு உதவுறது, நெருப்ப எரிய வைக்கிறது, இரும்பத் துருப்பிடிக்க வைக்கிறது!" என்று ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்வாள். அந்தப் பிள்ளையைப் பதுளையில் பெரிய பாடசாலையில் சேர்க்க வேண்டும் என்று டீச்சர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைப்பதாகப் பார்வதியின் அப்பாவிடம் பேசியும் விட்டார். அடுத்த தை மாதம் போவதாக முடிவு. எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை படிப்பதற்கென்று பதுளைக்குப் போவது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

எனக்குக் கிடைத்தது பதினெட்டு. ஆகன். ஆகன் என்றால் யாரோடும் சேராத வாயு, எதையும் செய்யாத வாயு.

"பதினெட்டு, ஆகன்!"

"வந்தேன் டீச்சர். வேலை ஒண்ணும் இல்ல டீச்சர்."

வகுப்பே சிரிக்கும். பக்கத்தில் இருக்கிற பொசுபரசு, அவன் பெயர் ராசு, காதுக்குள் சொல்வான்: "வேலைக்குப் போகாதவனுக்கு அரைச் சம்பளங்கூடக் கெடையாதுடா, நீ எதுக்குடா வந்தேன்ங்கிற?" ஒருநாள் பார்வதி எழுந்து, "டீச்சர், ஆகன் யார் வம்புக்கும் போகாது டீச்சர், அது நல்லதுதான டீச்சர்?" என்று கேட்டாள். எனக்காகத்தான் கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. பாருங்கள், மனிதப் புத்தி எப்படிப் போகிறது என்று. இன்றைக்கும் யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் எனக்குப் பிடிக்காது.

பிறகு ஒருநாள் டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் தங்கள் மூலகத்தைக் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்றார். "தனியாக் கெடைக்காட்டிப் பரவாயில்ல, அது குடியிருக்கிற லயத்தக் கொண்டு வாங்க," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் எங்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. சோடியம் உப்பில் குடியிருக்கிறது. சிலிக்கன் மணலில். அலுமினியத்துக்குத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித் தாள். பொற்றாசியத்துக்கு உரச் சாக்கின் அடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடி. பொசுபரசுக்கு நெருப்புப் பெட்டியின் பக்கவாட்டு. தோட்டத்தில் இல்லாத மூலகமா? ஐதரசன் பையன் பீலியில், மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற குழாயில், ஒரு போத்தல் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கிழமை பெருமையடித்தான். ஆகன் எந்த லயத்தில் குடியிருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டேன். "காத்துல இருக்கு. வெறும் போத்தலக் கொண்டு வா," என்றார். வெறும் போத்தல்! எல்லாரும் எதையாவது தூக்கிக் காட்டும்போது நான் வெறும் போத்தலைத் தூக்கிக் காட்டுவதா? அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பார்வதியின் அப்பா பெயர் மருதமுத்து. நாங்கள் மருதை மாமா என்போம். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் "ஸ்டோரு" என்பார்கள். அதன் மேல்தட்டில் நீள நீளமாகக் கட்டிய சாக்குப் படங்குகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற வேலை அவருக்கு. அம்மா கொழுந்து நிறுக்க வரும்போது நானும் கூட வந்து ஸ்டோருப் பக்கம் சுற்றுவேன். மழை பிடித்துக்கொண்டால் மருதை மாமா மேலே கூப்பிட்டு உட்கார வைப்பார். வாடுகிற கொழுந்தின் வாசம், பச்சைக்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு வாசம், இன்றைக்கும் எங்காவது அடித்தால் அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுவேன்.

அங்கே சுவரில் ஒரு பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் மாட்டியிருக்கும். ஒன்றின் அடியில் ஈரத் துணி சுற்றியிருக்கும், மற்றது காய்ந்தது. இரண்டும் காட்டுகிற சூட்டுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துத்தான் கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டுமென்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா முடிவு செய்வார். அந்த வியாழக்கிழமை மழைக்காக நான் மேலே ஏறினேன். மருதை மாமா என்னை அந்தக் குழாய்க்குக் கிட்டே கூட்டிப்போய், "ஒங்க டீச்சரு மூலகம் மூலகம்னு சொல்லிக் குடுக்குறாங்களாமே, எம்மக வீட்டுல ஒரே பாட்டு. இங்க பாரு, உள்ளார வெள்ளி மாதிரி ஏறி எறங்குது பாத்தியா, இதுவும் ஒண்ணுதான்டா. இரசம்," என்றார். சொல்லிவிட்டு, அந்தக் கோடியில் கொழுந்தைக் கிளறிவிடப் போனார்.

அவர் முதுகைக் காட்டிய நேரத்துக்குள் நான் காய்ந்த குழாயைக் கழற்றி, மழைக்குப் போட்டிருந்த சாக்குக் கொங்காணியின் மடிப்புக்குள் செருகினேன். இறங்கிப் போகும்போது, "பாத்துப் போடா, படி வழுக்கும்," என்று மேலிருந்து சத்தம் போட்டார். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வைத்துக் குழாயை உடைத்து, ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல் ஒன்றுக்குள் இரசத்தை, சிலர் பாதரசம் என்பார்கள், விட்டேன். பெரிய குண்டுமணி அளவுதான். ஆனால் ஆட்டினால் உடைந்து ஓடும், விட்டால் ஒன்று சேரும். ஈரமே ஒட்டாத தண்ணீர். என் வாழ்க்கையில் முதன்முதலாக யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகக் காட்டினார்கள். பார்வதி ஒரு பழைய கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு வந்திருந்தாள், பாதி துருவில் உதிர்ந்துபோனது. "இது இரும்பு இல்லயா, நீ எட்டாச்சே?" என்றார் டீச்சர். "இந்த இரும்பத் தின்னுக்கிட்டு இருக்குறது நான்தான் டீச்சர்," என்றாள். டீச்சர் அந்தக் கத்தியை வாங்கி எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு நான் எழுந்தேன். போத்தலைப் பீங்கான் தட்டில் கவிழ்த்தேன். வெள்ளிச் சொட்டு ஓடியது. வகுப்பு முழுக்க வாங்குக்கு மேல் ஏறி நின்றது.

"இரசம்! எங்கடா கெடைச்சது?"

"பண்டாரவளையில எங்க மாமா கடையில குடுத்தாங்க டீச்சர்."

எனக்குப் பண்டாரவளையில் மாமாவும் இல்லை, கடையும் இல்லை. கொட்டகைதான் பின்னால் வந்தது, நானே போட்டேன். டீச்சர் கை தட்டினார். "இனி நீ பதினெட்டு இல்ல. எண்பது!" என்றார். எண்பது என்பது எங்கள் யாருக்கும் எட்டாத நம்பர். ராசு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பார்வதி மட்டும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளை. அந்தக் குழாய்களைத் தினமும் பார்க்கிறவள்.

சனிக்கிழமை காலைப் பெரட்டில் மருதை மாமாவை ஒதுக்கி நிறுத்தினார்கள். கங்காணி "மருதமுத்து" என்று கூப்பிட்டார். அவர் "வந்தேன்" என்றார். "நீ அந்தப் பக்கம் போய் நில்லு," என்றார் கணக்கப்பிள்ளை. தண்ணீருக்குப் போன நான் குடத்தோடு நின்று பார்த்தேன். தட்டார் வேலைக்கு இரசம் வேண்டும், லுணுகலையில் தட்டாரிடம் கொண்டுபோய் விற்றிருப்பான் என்று டீமேக்கர் ஐயா சொல்லிவிட்டார். மேல்தட்டுச் சாவி மருதை மாமா கையில்தான் இருக்கும், அதனால் வேறு ஆளைத் தேட வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது. "சாமி சத்தியமா நான் எடுக்கலீங்க ஐயா," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குள் கூட்டத்தில் யாரோ ஒருவன் "ரசக்கார மருத" என்று சொல்லிவிட்டான். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். ஒரு பட்டப்பெயர் பிறக்க அவ்வளவு நேரம்தான் எடுக்கும்.

அன்று பின்னேரம் பீலிக்கரையில் பார்வதி எனக்காகக் காத்திருந்தாள்.

"நீதான எடுத்த?"

நான் குடத்தைக் கழுவினேன்.

"குடம் வெள்ளையாத்தான் இருக்கு, போதும். போய்ச் சொல்லு. நான் சொன்னா அப்பாவக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுவாங்க. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

"சொன்னா எங்கள லயத்த விட்டு வெரட்டிருவாங்க பார்வதி. அம்மா மட்டுந்தான வேலைக்குப் போகுது."

"எங்கள மட்டும் தூக்கி மடியில வச்சுக்குவாங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. தொரை பங்களாவுல இருக்க மாட்டாரு."

"அப்ப திங்கக்கெழம."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "திங்கக்கெழம," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை நான் தோட்டத்துத் துரையின் பங்களாப் படி வரைக்கும் போனேன். நாய் குரைத்தது. திரும்பி வந்துவிட்டேன். நாய் கட்டித்தான் கிடந்தது.

அன்று வகுப்புப் பெரட்டில் டீச்சர் வழக்கம்போலக் கூப்பிட்டார். "ஏழு, நைதரசன்!" "வந்தேன் டீச்சர்!" "எட்டு, ஒட்சிசன்!" பதில் இல்லை. "எட்டு!" என்றார் மறுபடியும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். மருதை மாமாவுக்குப் "பத்துச்சீட்டு" கொடுத்தாகிவிட்டது. பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. டீச்சர் பேனாவைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து, ஒன்பதைக் கூப்பிட்டார். இருபது வரைக்கும் வந்தார். பிறகு, "எண்பது, இரசம்," என்றார். நான் எழுந்து "வந்தேன் டீச்சர்" என்றேன். வேலை என்ன என்று சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அலுமாரியிலிருந்த மருந்துப் போத்தல் அவர் கையில் இருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"பண்டாரவளை மாமா கடையிலேருந்து டீச்சர்."

"சத்தியமா?"

"சத்தியமா டீச்சர்."

அவர் என்னை நம்பினாரா, நம்ப வேண்டுமென்று நினைத்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அதைக் கொண்டு வந்தபோது கை தட்டியவர் அவர்தான். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. போத்தலை அலுமாரியில் பூட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்துப் புத்தகத்துல தேடிப் பாத்தேன். ஆகன் பல்புக்குள்ள இருக்குமாம்டா. பியூஸ் போன பல்பு ஸ்டோருக்குப் பின்னால குப்பையில எத்தனை கெடக்கு? மொதல்லயே எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒனக்குச் சொல்லியிருப்பேன்."

அடுத்த நாளிலிருந்து எண்பதைக் கூப்பிடவில்லை. நான் மறுபடியும் பதினெட்டு. எட்டாம் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஏழுக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்திவிட்டு ஒன்பதுக்குப் போவார்.

பார்வதி குடும்பம் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு மூட்டையுமாகக் கொஸ்லந்தப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போனது. கொங்காணியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனதை நான் கோயில் பாறையில் இருந்து பார்த்தேன். தை மாதம் வந்தது. பதுளைக்குப் போக இருந்த பிள்ளை அந்தத் தை மாதத்தில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள் என்று கேள்விப்பட்டேன். பதின்மூன்று வயது. நான் அதற்கு அடுத்த மாதம் படிப்பை விட்டேன். மேடைகளில், பேட்டிகளில், கோயில் திருவிழாவில் எல்லாம் "வறுமையால் படிப்பை விட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அம்மா பட்டினி கிடந்தாவது படிக்க வைத்திருப்பார். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த அந்த மூச்சைத் தினமும் காலையில் கேட்க முடியாமல்தான் ஓடினேன். ஓடிப் பண்டாரவளைச் சந்தையில் மூட்டை தூக்கினேன். மிச்சம்தான் மேலே சொல்லியாகிவிட்டதே.

மூன்று வருடத்துக்கு முன்னால் கொஸ்லந்தைக்குச் சீமெந்து இறக்கப் போன என் டிரைவர், அங்கே ஒரு கிழவி என்னைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னான். அது பார்வதியாகத்தான் இருக்கும் என்று காரை எடுத்துக்கொண்டு போனேன். லயத்து வாசலில் வெயிலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை முகத்துக்குக் கிட்டே பிடித்துத்தான் கல் பார்த்தாள்.

"யாரு?"

"நான்தான் பார்வதி. பதினெட்டு."

சுளகை இறக்கி வைத்தாள். "ஆகனா? வயிறு முன்னால வந்து நிக்கிதே. ஒனக்குத்தான் வேலையே இல்லயே, எப்புடி வந்துச்சு இது?"

சிரித்தாள். என்னால் முடியவில்லை. நின்றபடியே, டவுனில் வீடு கட்டித் தருகிறேன், கண்ணுக்கு ஒபரேஷன் செய்து தருகிறேன், பேரப்பிள்ளைகளுக்கு என் கடையில் வேலை தருகிறேன் என்று அடுக்கினேன். முழுதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கட்டுறது மட்டுந்தான் தெரியுமா ஒனக்கு?" என்றாள். "எங்க அப்பா சாகுறப்போ எங்கிட்டக் கேட்டாரு, 'நான் எடுக்கலம்மா, நீயாவது நம்புறியா'ன்னு. நம்புறேன்னு சொன்னேன். யார் எடுத்ததுன்னு தெரியும்னு சொல்லல. சொல்லியிருந்தா எந்திரிச்சு நடந்தே ஒங்க தோட்டத்துக்கு வந்திருப்பாரு. ஒங்க அம்மாவையும் ரோட்டுல நிறுத்தணுமான்னு விட்டுட்டேன். இங்க வந்தும் அவரு 'ரசக்கார மருத'தான். பேத்தி கல்யாணப் பேச்சுலகூட அந்தப் பேச்சு வந்துச்சு. எனக்கு வீடு வேணாம். எங்க அப்பா எடுக்கலன்னு எழுது. யாரு எடுத்தான்னும் எழுது. அச்சுல வரணும். வேற யாரும் எனக்குப் படிச்சுக் காட்டக் கூடாது, நானே படிக்கணும். கண்ணு மங்கிக்கிட்டே வருது, சீக்கிரமா எழுது."

ஆகட்டும் என்றேன். வந்து ஆய்வுகூடத்தைக் கட்டினேன். அவள் எழுதத்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். மூன்று வருடமாக அதே "திங்கக்கெழம"தான்.

இன்றைக்கு அந்த ஸ்டோரு இல்லை. இயந்திரங்களைக் கழற்றி விற்று, மேல்தட்டுப் பலகைகளை யாரோ விறகுக்குக் கொண்டுபோய், இப்போது நான்கு தூணும் ஒரு புகைபோக்கியும் நிற்கின்றன. பெரட்டுக்களத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். என் அம்மா இல்லை. டீமேக்கர் ஐயா இல்லை. எஸ்தர் டீச்சர் இருக்கிறாரா என்று தெரியவில்லை. விசாரிக்கத் தைரியம் வரவில்லை. என்னை விரட்டுவதற்கு எந்தத் துரையும் இல்லை. அழியாமல் இருப்பது அந்தப் பட்டப்பெயர் மட்டும்தான். எங்கள் ஆட்கள் வீட்டில் ஏதாவது சாமான் காணாமல் போனால் இன்னும் "மருத தூக்கிட்டான்" என்கிறார்கள், அந்த மருதை யாரென்றே தெரியாமல்.

இதை அதிபர் ஐயாவிடம் கையெழுத்தில் காட்டினேன். படித்துவிட்டு, "ஐயா, நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்குங்க? ஒங்க பேருக்குத்தான் கெட்டது. ஒரு வாழ்த்து மட்டும் எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றார். என் மேல் உள்ள மரியாதையில் சொன்னார், தெரியும். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். நான் தூக்கிய மூட்டையை இன்னொருவன் தூக்கியதாகச் சொல்ல நான் விட்டதில்லை. கோயில் மதிலைத் தோட்டக் கமிட்டி கட்டியது என்று பலகையில் எழுதினார்கள். அதைக் கழற்றி வைத்து என் பெயரை எழுத வைத்தேன். நான் செய்த எதையும் அடுத்தவன் கணக்கில் விட்டவன் அல்ல. இதை மட்டும் மருதை மாமா கணக்கில் எதற்கு விட வேண்டும்?

ஆகவே விழாக் குழுவினருக்குச் சொல்கிறேன். ஆய்வுகூட வாசலில் என் பெயர் பொறித்த கல்லில் இன்னும் இடம் இருக்கிறது. ஸ்டோரிலிருந்து வெப்பமானிக் குழாயை எடுத்தவன் இதைக் கட்டியவன்தான், மருதமுத்து அல்ல, அவர் எதையும் எடுக்கவில்லை என்று அதே கல்லில், அதே எழுத்தில் பொறிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு வரியையும் வெட்டாமல் மலரில் போட வேண்டும். என் படம் வேண்டாம். அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.